வைக்காமல் விட்ட வார்

என் மைத்துனன் ஏசடியானைக் கொன்றது நான் தைத்த உறை. அந்தப் பழியை என் மனைவி ஞானம்மாள் சுமந்தாள். சுமக்கட்டும் என்று நான் விட்டுவிட்டேன். சாகிறவரை சுமந்தாள்.

சொல்லிவிட்டேன். இனி மிச்சத்தையும் கேளுங்கள். கேட்டுவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். "ஐயோ பாவம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதை நிறையப் பேர் சொல்லி, நானும் வெட்கமில்லாமல் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஆம்பூரில் ரயில் பாதைக்கு இந்தப்புறம், எங்கள் வீட்டின் பின்கட்டுதான் பட்டறை. ஒரு மூலையில் உலையும் துருத்தியும். எதிர்மூலையில் ஞானம்மாளின் பாய். ரயில்வேயில் தேய்ந்து கழித்த, இரும்பு ராவும் அரங்களை வாங்கி, பழுக்கக் காய்ச்சி அடித்து நான் கத்தி செய்வேன். தோல் பதனிடும் கிடங்குகளுக்கும், அவற்றுக்காகக் காட்டில் மரப்பட்டை உரிக்கிறவர்களுக்கும் எங்களிடமிருந்துதான் கத்தி போகும். அந்தக் கத்திகளுக்கு உறை தைப்பது அவள்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் கொல்லு வேலை கற்றவன் நான். ஒடுகத்தூரில் தோலோடு பிறந்து தோலோடு வளர்ந்தவள் அவள். எங்களுக்கு மிஷன் கோயிலில் கல்யாணம் ஆனபோது, கத்தியும் உறையுமாய் இருங்கள் என்று யாரோ கேலியாக வாழ்த்தினார்கள். கொஞ்ச காலம் அப்படித்தான் இருந்தோம்.

உறை தைப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. அது தெரியாவிட்டால் என் பாவம் உங்களுக்கு விளங்காது. இரண்டு தோலைச் சும்மா சேர்த்துத் தைத்துவிட்டால் உறை ஆகிவிடாது. கத்தியின் கூர் இருக்கிற பக்கத்தில், இரண்டு தோலுக்கும் நடுவே, கெட்டித் தோலில் ஒரு வார் அறுத்து வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டும். கூர் அந்த வாரில் போய் உட்காரும். நூலைத் தொடாது. வார் இல்லாத உறையில், கத்தியைச் செருகும்போதெல்லாம் கூர் நூலை அறுத்துக்கொண்டே போகும். வெளியே ஒன்றும் தெரியாது... ஒரு நாள் உறையின் பக்கம் பிளந்துகொள்ளும்.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். தினம் எதிர்மூலையில் அவள் அதைச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

கிடங்கு ஆட்கள் வந்தால் வாசலிலேயே, "ஞானம்மா உறை கீதா?" என்றுதான் கேட்பார்கள். உறைக்குள் கத்தி என்று ஒன்று இருப்பதே அவர்களுக்கு நினைவிருக்காது. நெருப்பில் வெந்து, கை காய்த்து, கண் எரிந்து நான் அடித்ததைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். உறையை வாங்கி முகர்வார்கள், தடவுவார்கள், தையலை நகத்தால் நெருடுவார்கள். ஞானம்மாள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். நானும் சிரிப்பேன். உள்ளே புகையும். பெண்டாட்டி மேல் பொறாமையா என்று கேட்கிறீர்களா? ஆம், பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அறுப்பின் பண்டிகை வந்தது. கோயிலில் பெண்டுகள் கூடிச் சமைக்கிற நாள். ஞானம்மாள் எங்கள் மகளைத் தூக்கிக்கொண்டு விடியலிலேயே போய்விட்டாள். அவள் போன சற்றைக்கெல்லாம் ஏசடியான் வந்தான். அவளுடைய ஒரே தம்பி. தகப்பன் இல்லாத வீட்டில் அவள் இடுப்பிலேயே வளர்ந்த பிள்ளை. அப்போது ஆளாகி, அமிர்திக் காட்டுப் பக்கம் பட்டை உரிக்கப் போய்க்கொண்டிருந்தான்.

"இன்னா மாமா, என் கத்தி ஆச்சா?"

"கத்தி ஆச்சு மச்சான். உறைதான் ஒங்க அக்கா வந்து தெக்கணும். நாளைக்கு வா."

"நாளைக்கு நான் மலையில இருப்பேன் மாமா. வண்டி பொறப்படுது. கடைத்தெருவுல வேலை கீது, முடிச்சிட்டுப் பொழுதோட வர்றேன். எப்பிடியாவது குடுத்துடு."

அவன் போனான். நான் ஞானம்மாளின் பாயில் போய் உட்கார்ந்தேன். அவள் பாயில் நான் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

அவள் எடுத்து வைத்திருந்த தோலிலேயே நல்லதைத் தேர்ந்தெடுத்தேன். ஆவாரம் பட்டையில் ஊறிய பதமான தோல். கத்தியை மேலே வைத்துக் கோடு கிழித்து அறுத்தேன். வாரும் அறுத்தேன். கவனியுங்கள்... வாரை மறந்தேன் என்று நான் சொல்லவில்லை. அறுத்து, நடுவே வைத்துப் பார்த்தேன். உறை தடித்துத் தெரிந்தது. அவளுடைய உறைகளும் அப்படித் தடித்தவைதான். அவளுடையதைவிட மெல்லியதாய், கச்சிதமாய் ஒன்றை நான் தைத்துக் காட்ட வேண்டாமா? வாரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு பயணத்துக்குத் தாங்கும், திரும்பி வந்ததும் மாற்றித் தைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மெழுகு நூல் கோத்துத் தைத்து முடித்தேன். அழகாகத்தான் இருந்தது. என் வாழ்நாளில் நான் செய்த அழகான பொருள் அது ஒன்றுதான்.

பொழுது சாயும்போது ஏசடியான் வந்தான்.

"அக்கா வந்து தெச்சிட்டுப் போச்சா?"

"முன்னமே தெச்சி வெச்சிருந்தது ஒண்ணு கெடந்துச்சி. அளவு சரியா ஒக்காந்துது."

அவன் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "ஜோரா கீது மாமா! அக்கா கை அக்கா கைதான்."

ஏன் அப்படிச் சொன்னேன்? நான் தைத்தது என்றால், "வேணாம் மாமா, அக்கா வரட்டும்" என்று சிரித்துக்கொண்டே போயிருப்பான். அது பாதிக் காரணம். மீதி ஒரு விளையாட்டு. அவன் மலையிலிருந்து இறங்கி வந்து, அக்காவின் எதிரில் இதே உறையை மெச்சும்போது, "அது நான் தெச்சதுடா" என்று போட்டு உடைக்க வேண்டும். இரண்டு பேரும் வாய் பிளந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. ஞானம்மாள் திரும்பி வந்ததும் அவளிடமும் அதையே சொன்னேன்.

"நல்லதாப் பாத்துக் குடுத்தீங்களா?" என்றாள்.

"ஒன் உறையில நல்லது கெட்டது இன்னா இருக்குது?" என்றேன். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

எங்கள் ஜனங்கள் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கீழே வைப்போம், வாங்குகிறவர் எடுத்துக்கொள்வார். கையில் கொடுத்தால் பகை வரும், கேடு வரும் என்பார்கள். நான் என் உறையைப் பார்த்த பெருமையில் அதையும் மறந்து அவன் கையிலேயே கொடுத்திருந்தேன். இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

மலையிலிருந்து அவன் பிணமாகத்தான் வந்து சேர்ந்தான். பட்டைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பாறையிலிருந்து குதித்திருக்கிறான். இடுப்பிலிருந்த உறை பக்கவாட்டில் பிளந்து, கத்தி தொடையின் உள்பக்கம் இறங்கிவிட்டது. துண்டைக் கிழித்துக் கட்டி வண்டியில் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். உயிரோடு ஒடுகத்தூர் எட்டவில்லை. நல்ல கூர்... கூர் மட்டும் நல்ல கூர். அது என் கை.

ஒடுகத்தூரில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எல்லாரும் வழிவிட்டார்கள். நான் அவன் காலடியில் விழுந்து கதறினேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன், கர்த்தர் அறிவார். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"கைக்குக் கை குடுத்துட்டேனே! கத்தியக் கீழ வெக்காம கைக்குக் கை குடுத்துட்டேனே!"

இதுதான் நான் செய்த முதல் ஒப்புதல். பெரிய பாவத்தை உள்ளே வைத்துக்கொண்டு சின்னதை எடுத்து நீட்டினேன். ஊரே என்னைத் தேற்றியது. பாதிரியார் என் தோளைப் பிடித்துத் தூக்கி, "அதெல்லாம் அஞ்ஞானப் பேச்சு. உம்மேல் குற்றமில்லை" என்றார். குற்றமில்லை என்ற சொல்லை அத்தனை பேர் நடுவில் வாங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் வண்டிக்காரன் சொன்னான். "கத்தி மேல தப்பு ஒண்ணும் இல்லீங்க. உறையிலதான் வாரு இல்ல. கச்சைய அறுக்கறப்போ நானே பாத்தேன். ரத்தமா இருந்துச்சின்னு ஓடையில போட்டுட்டேன்."

எல்லாத் தலைகளும் ஞானம்மாள் பக்கம் திரும்பின. தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பெற்றவள் எழுந்து வந்து அந்தத் தலையை அவள் மடியிலிருந்து எடுத்தாள்.

"நீ தெச்சது எம் புள்ளைய முழுங்கிடுச்சேடி... எழுந்து போ. எம் மூஞ்சில முழிக்காத."

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும். என் சட்டைப் பையில் அந்த வார் கிடந்தது. பையில் கைவிட்டு அதைத் தொட்டேன். கையை வெளியே எடுத்தபோது அதில் ஒன்றும் இல்லை.

ஞானம்மாள் அதன்பின் ஊசியைத் தொடவில்லை. தொடாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கிடங்கு கிடங்காகப் போனாள். தன் உறை வைத்திருக்கிற ஒவ்வொருவனையும் நிறுத்தி, வாங்கி, விளிம்பைப் பிரித்துப் பார்த்தாள். பலர் சலித்துக்கொண்டார்கள், சிலர் விரட்டினார்கள். சாயங்காலம் வந்து என் எதிரில் உட்காருவாள்.

"எல்லாத்துலயும் வாரு இருக்குதுங்க. ஒண்ணுல கூட வுடல. அவனுக்குப் போனதுல மட்டும் எப்பிடிங்க வுட்டேன்?"

நான் துருத்தியை மிதிப்பேன்.

எதில் விட்டோம், எப்போது விட்டோம் என்று பித்துப் பிடித்தவளைப் போல யோசித்துக்கொண்டே இருந்தாள். சோறு வடிக்கும்போது யோசிப்பாள். ஜெபத்தில் முழங்காலில் இருக்கும்போது யோசிப்பாள். செய்யாத தவறு நினைவுக்கு எப்படி வரும்? ஆனால் வந்தது. அதுதான் கொடுமை. ஒருநாள் பட்டறைக்குள் ஓடிவந்தாள். முகத்தில் ஒரு தெளிவு.

"ஞாபகம் வந்துடுச்சிங்க! பாப்பாவுக்கு ஜொரம் அடிச்சிதே, மடியில போட்டுக்கினே தெச்சேனே... அன்னிக்குதான் வுட்டுருக்கேன். அது அழுதுச்சி, நான் எழுந்து போனேன். வந்து வாரை வெக்காமலே தெச்சிட்டேன். அன்னிக்குதாங்க, இல்ல?"

என் முகத்தையே பார்த்தாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. நான் சொன்னது:

"இருக்கலாம்."

உறை தைத்தது ஒரு பாவம். மறைத்தது ஒரு பாவம். ஆனால் என் நெஞ்சை அடைத்துக்கொண்டு நிற்பது இந்த ஒரு சொல்தான். நடக்காத ஒன்றை அவளே கற்பித்துக்கொண்டு வந்து நின்றாள், நான் அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் சொல்லவில்லை? முதலில் மாமியாருக்கும் ஊருக்கும் பயந்தேன். பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்பாளே என்று பயந்தேன். நாள் ஆக ஆக அந்தக் கேள்வி பெரிதாகிக்கொண்டே போனது, நான் சிறுத்துக்கொண்டே போனேன். மாமியார் சாகக் கிடந்தபோது இவள் ஒடுகத்தூருக்கு ஓடினாள். அந்தக் கிழவி இவள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கவில்லை. அதற்கும் நான் உடன் போயிருந்தேன். அன்றும் சொல்லவில்லை.

உறை நின்றபின் என் கத்திகளைச் சாக்குத் துணியில் சுற்றித்தான் விற்றேன். வாங்க வந்தவர்கள் கத்தியை மட்டும் பார்த்தார்கள், கத்தியை மட்டும் புகழ்ந்தார்கள். நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, பாருங்கள்.

போன மாரிக்காலத்தில் ஞானம்மாள் படுத்தாள். எழவில்லை. நெஞ்சில் சளி கட்டி, பேச்சு குறைந்து போயிருந்தது. ஒரு மத்தியானம் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க போனா மொதல்ல தம்பிதான் எதிர்ல வருவான். அவங்கிட்ட நான் இன்னா சொல்லட்டும்?"

இதைவிட ஒரு சந்தர்ப்பம் மனுஷனுக்கு வாய்க்குமா? வீட்டில் வேறு யாருமில்லை. கதவைத் தட்டிக் கேட்பதுபோல் கேட்டாள். நான் அவள் கையைத் தடவிக்கொடுத்துச் சொன்னேன்:

"மன்னிச்சிடுடான்னு சொல்லு. அவன் மன்னிச்சிடுவான்."

"மன்னிப்பானா?"

"மன்னிப்பான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மறுநாள் போய்விட்டாள்.

பாதிரியாரிடம் போய்ச் சொல்லலாமே என்பீர்கள். எங்கள் சபையில் அந்த வழக்கம் இல்லை. நேராகக் கர்த்தரிடமே சொல் என்பார்கள். அவருக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே! தெரியாதவர்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் உங்களைப் பிடித்தேன்.

அவளுடைய அடக்க ஆராதனையில் பாதிரியார் சொன்னார், பரலோகத்தில் மறைந்திருப்பது ஒன்றுமில்லை, எல்லாம் வெளிப்படும் என்று. மற்றவர்களுக்கு அது ஆறுதல். நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே எல்லாம் வெளிப்படும் என்றால், அக்காளும் தம்பியும் இந்நேரம் எனக்காகத்தான் காத்திருப்பார்கள். வெளிப்படாது என்றால், அவள் செய்யாத குற்றத்துக்கு அவன் காலைப் பிடித்திருப்பாள், அவனும் பெரிய மனது பண்ணி மன்னித்திருப்பான். இதில் எது நடந்திருக்க வேண்டும் என்று நான் ஜெபிப்பது? முழங்காலில் நிற்கிறேன்... இதுவரை ஒன்றையும் கேட்க முடியவில்லை.

அவளுடைய குத்தூசியை வைத்திருந்த டப்பாவில் அந்த வாரைப் போட்டு வைத்திருக்கிறேன். காய்ந்து விறைத்திருக்கிறது. கெடவில்லை. அவள் எடுத்து வைத்த தோல் அப்படி. தண்ணீரில் ஊறப்போட்டால் இப்போதும் வைத்துத் தைக்கலாம்.