பூட்டிய வீட்டுச் செருப்புகள்

நேற்று தெருவைப் பார்த்துக் கிடந்த செருப்புகளை இன்று வீட்டைப் பார்க்கத் திருப்பி வைக்கிறாள் வெள்ளத்தாய். கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே முழங்கை வரை கையை விட்டு, கன்னத்தை இரும்பில் ஒட்டிக்கொண்டு, விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் திருப்புகிறாள். தெருவைப் பார்த்துக் கிடந்தால் வீட்டில் யாரோ வெளியே கிளம்பப் போகிறார். வீட்டைப் பார்த்துக் கிடந்தால் யாரோ இப்போதுதான் வந்து உள்ளே போயிருக்கிறார். ஒரே பக்கமாக வாரக்கணக்கில் கிடந்தால் அது வெறும் குப்பை. "செருப்பு நடமாடணும்லா, அப்பத்தான வீட்டுல ஆளு இருக்குன்னு அர்த்தம்" என்பாள். அந்த வீட்டில் ஆளே கிடையாது.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது பொன்மலர் நகர். நுழைவில் ஒரு வளைவு, அதற்குக் கீழே 'அந்நியர்கள் நுழையக் கூடாது' என்று ஒரு பலகை. ஆசை ஆசையாக வீடு கட்டியவர்களில் பாதிப் பேர் அங்கே குடியிருக்கவில்லை. ஒருவர் பட்டாளத்தில், ஒருவர் மஸ்கட்டில், மற்றவர்கள் சென்னையில் பேரப்பிள்ளைகளுக்குக் காவலாக. கோலம் இல்லாத வாசல், வீடு பூட்டிக் கிடப்பதை ஊருக்கே சொல்லிவிடும். அதனால் பூட்டிய வீடுகளுக்கு வாசல் தெளித்துக் கோலம் போட ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள்தான் வெள்ளத்தாய்.

கோலம் மட்டும் போதாது என்று கண்டுபிடித்ததும் அவள்தான். கேட்டில் செருகிய நோட்டீசுகளை எடுத்துவிடுவாள். மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் வாசலில் இரண்டு கரும்புச் சக்கையைக்கூடப் போட்டு வைப்பாள். பட்டாளக்காரர் பாண்டிதுரை வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளைச் செருப்பு, ஒரு பொம்பளைச் செருப்பு, ஒரு குட்டிச் செருப்பு. எல்லாம் அங்கங்கே பொறுக்கிக் கழுவி எடுத்தவை. கோலத்தையும் வீட்டுக்கு ஒரு விதமாகப் போடுவாள். ஒரு வாசலில் புள்ளி பிசகாத சிக்குக் கோலம். பக்கத்து வாசலில், பள்ளிக்கூட வேனுக்கு நேரமாகிவிட்ட தாய் கிறுக்கியதைப் போல அவசரக் கோலம். "எல்லா வாசல்லயும் ஒரே கை தெரிஞ்சா களவாங்க வாரவனுக்கு வெவரம் புரிஞ்சிரும்லா" என்று அதற்கு விளக்கம் வேறு.

வெள்ளத்தாய்க்கு ஐம்பது தாண்டியிருக்கும். ஒல்லி. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, விசிறி மடிப்புக் கலையாத வாயில் புடவை, நகக்கண்ணில் அழுக்கு இருக்காது. கோலத்தை முடித்துக்கொண்டு டவுன் பஸ் ஏறி ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனிக்குப் போகிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற துணியை மடிக்கிற வேலை. கை சுத்தமாக இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். 'டீசண்டான பொம்பளை' என்று நகரில் அவளுக்குப் பெயர். இந்த நல்ல பெயரை நம்பித்தான் அவள் பிழைப்பு ஓடுகிறது. ஏனென்றால் அவளுக்கு வீடு கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில்தான் படுக்கிறாள்.

புருஷன் மில்லில் வேலை பார்த்துச் செத்துப்போனார். ராஜபாளையத்தில் அவர்கள் பல குடும்பங்களோடு சேர்ந்து குடியிருந்த வளவை, வீட்டுக்காரர் பிள்ளைகள் இடித்து வணிக வளாகம் கட்டிவிட்டார்கள். குடியிருந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் வீடு பார்த்துப் போக, இவளுக்கு மட்டும் அமையவில்லை. வாடகை கொடுக்கக் கையில் தெம்பு இருக்கிறது. கூட ஆள்தான் இல்லை. மகளை வத்திராயிருப்பில் கட்டிக்கொடுத்திருக்கிறாள். அங்கே போய் இருக்கலாமே என்றால் முகம் மாறிவிடும். "சம்பந்தி வீட்டுல எம்புட்டு நாளைக்கு விருந்தாளியா இருக்க முடியும்? எனக்குன்னு ஒரு கதவு வேணும்" என்பாள். மகளிடம் வீடு பார்த்தாயிற்று என்று சொல்லி வைத்திருக்கிறாள். சொன்ன பொய்யை மெய்யாக்கிவிட வேண்டும் என்று ஒரு வெறி.

பஸ் ஸ்டாண்டில் கட்டணக் குளியலறையைப் பார்த்துக்கொள்கிற சந்தனமேரிதான் அவளுக்குத் துணை. பையும் புடவைகளும் சந்தனமேரியின் மேஜைக்கு அடியில் இருக்கும். மடித்த புடவையைச் சாக்குக்கு அடியில் போட்டுப் படுப்பாள் வெள்ளத்தாய். காலையில் அது இஸ்திரி போட்ட மாதிரி எழுந்து வரும். முதல் ஆளாகக் குளித்து முதல் பஸ்ஸில் நகருக்குப் போய்விடுவாள்.

கோலம் முடிந்ததும் இன்னொரு பழக்கம் உண்டு. 'வீடு வாடகைக்கு' என்று பலகை தொங்குகிற கேட்டு எதுவானாலும் பெல்லை அடித்துக் கேட்டுவிடுவாள். வீட்டுக்காரர்கள் மாட்டேன் என்று நேராகச் சொல்வதில்லை. எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்பார்கள். ஒருத்திதான் என்றதும், நேற்றுத்தான் அட்வான்ஸ் வாங்கினோம் என்பார்கள். பலகை அடுத்த மாதமும் தொங்கும். சொந்த ஊர் எது, நீங்க என்ன ஆளுக என்று நூல் பிடித்துப் போவோர் சிலர். ஒத்தைப் பொம்பளைக்கு விட்டால் நாலு பேர் வந்து போவார்கள் என்று முகத்துக்கு நேரே சொன்ன புண்ணியவதியும் உண்டு. வெள்ளத்தாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "சரிம்மா, காலியானா சொல்லுங்க" என்று படியிறங்குவாள். வாடகைக்கு விடவும் ஒரு மனசு வேண்டும். அது செங்கல்லோடு சேர்ந்து வருவதில்லை.

நகர் சங்கத்தின் செயலாளர் ரத்தினம், போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு மாடிக்கு வெளிப்பக்கமாகவே படி. படிக் கைப்பிடியில் வாடகைப் பலகை ஒரு வருஷமாக வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தது. அங்கேயும் வெள்ளத்தாய் கேட்டாள். ஃபேமிலிக்கு மட்டும்தான் என்றுவிட்டார். மற்றபடி அவள்மேல் அவருக்கு மரியாதை. ஒருநாள் சங்கத்து வாட்ஸ்அப்பில், வீடு வாசல் இல்லாதவர்களின் நடமாட்டம் அதிகமாகிவிட்டது, எல்லாரும் உஷாராக இருக்கவும் என்று ஒரு செய்தி போட்டார். மறுநாளே அவளையும் கூப்பிட்டு, பஸ் ஸ்டாண்டில் கிடக்கிறதுகள் எவனாவது உள்ளே நுழைந்தால் உடனே தனக்குச் சொல்ல வேண்டும், அவனுகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்றார். வெள்ளத்தாய் கோலமாவு டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "சரி சார்" என்றாள்.

சந்தனமேரியிடம் இதைச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சந்தனமேரிக்கோ நகர்க்காரர்கள் பேரிலேயே ஆத்திரம். மனுசனைக் கண்டால் நாயை அவிழ்த்துவிடுகிற கூட்டம், எல்லாருமே நெஞ்சில் ஈரமில்லாதவர்கள் என்று தீர்த்துவிட்டாள். அப்படி மொத்தமாகச் சொல்லிவிடக் கூடாது என்று வெள்ளத்தாய் அவர்களுக்காகவும் வாதாடினாள். நாளைக்கு அங்கே குடியேறப் போகிறவள் அல்லவா.

ரத்தினம் சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு விடியக்காலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிய அன்று, அவள் பெஞ்சில் உட்கார்ந்து சாக்கைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது. அவர் பார்த்தார், அவளும் பார்த்தாள். அவர் ஆட்டோ பிடித்துப் போனார். அன்றைக்கு லீவு போட்டிருக்கலாம். வெள்ளத்தாய் வழக்கம்போலக் குளித்து, புடவை கட்டி, அதே முதல் பஸ்ஸில் போனாள். பாண்டிதுரை வீட்டு வாசலில் அவர் காத்திருந்தார்.

"ஏம்மா, பஸ் ஸ்டாண்டுலயா படுக்க?"

"ஆமா சார்."

"இம்புட்டு நாளா ஒரு வார்த்த சொல்லலையே."

"நீங்க கோலம் போடத் தெரியுமான்னுதான் கேட்டிய சார். வீடு இருக்கான்னு கேக்கலையே."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நம்பிக்கைத் துரோகம் என்றார். சங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் தான்தான் என்றார். செருப்புகளை எல்லாம் பொறுக்கிக்கொண்டு கிளம்பு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அவள் ஒவ்வொரு கேட்டுக்குள்ளும் கையைவிட்டு எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டாள். குட்டிச் செருப்பை மட்டும் மண்ணைத் தட்டிவிட்டுப் போட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நகரின் வளைவுக்குள் மறுபடி நுழைந்தாள். கோலமாவு டப்பா இல்லை, கை வீசிக்கொண்டு வந்தாள். ரத்தினம் வழிமறித்தபோது, "கோலம் போடத்தான வரக் கூடாதுன்னிய. வீடு கேட்டு வரக் கூடாதுன்னு சொல்லலையே" என்றாள். சொன்ன கையோடு ஒரு பெல்லையும் அடித்துவிட்டாள். அந்த வீட்டிலும் நேற்றுத்தான் அட்வான்ஸ் வாங்கியிருந்தார்கள்.

அந்த வாரம் மம்சாபுரத்திலிருந்து ஆண்டிச்சாமி என்கிற பெரியவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க நகருக்கு வந்தார். பாண்டிதுரைக்குத் தூரத்துச் சித்தப்பா முறை. வெள்ளிக்கிழமை, அதுவும் முகூர்த்த நாள். வாசலில் தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை. கோலம் இல்லை, செருப்பு இல்லை, கதவில் பூட்டு. போன மாதம் இந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தபோதுகூடக் கோலமும் செருப்புமாக இருந்த வாசல்; வீட்டில் ஆள் இருக்கிறது என்று நம்பித்தான் வந்திருந்தார். பெரியவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை கோலம் விழாத வாசலுக்கு அவர் அறிந்த அர்த்தம் ஒன்றுதான், சாவு. பாண்டிதுரையின் தாய் கனகலட்சுமி சென்னையில் மகள் வீட்டில் இருந்தார், கொஞ்சம் சர்க்கரை வியாதிக்காரர். அந்த அம்மாள்தான் போய்விட்டார் என்று முடிவுகட்டி, பத்திரிகையைப் பைக்குள் வைத்துவிட்டு, ஊருக்குப் போன் போட்டார் ஆண்டிச்சாமி.

மத்தியானத்துக்குள் மம்சாபுரத்தில் வேன் பேசிவிட்டார்கள். யாரோ அஸ்ஸாமில் இருக்கிற பாண்டிதுரைக்கே போன் போட்டுத் துக்கம் கேட்டுவிட்டார்கள். பட்டாளக்காரர் முகாமில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டு, தங்கச்சிக்குப் போன் அடித்தார். எடுத்தது கனகலட்சுமி. "நாந்தான்டா பேசுதேன், எதுக்குடா அழுத?" என்று கேட்டிருக்கிறார். மகனுக்கு அழுகை நிற்கவே கால் மணி நேரம் ஆனதாம். நின்ற பிறகு அவர் ரத்தினத்துக்குப் போன் போட்டுப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. நாளைக் காலையில் என் வாசலில் கோலம் இருக்க வேண்டும், அந்த அம்மா கையால்தான் இருக்க வேண்டும், அவள் எங்கே படுத்தால் உமக்கென்ன என்பது அதன் சாரம். மஸ்கட்டிலிருந்தும் சென்னையிலிருந்தும் அதே பாட்டு. பெற்ற தாயைச் சாகக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டதே என்று ரத்தினத்தின் மனைவி விஜியும் தன் பங்குக்கு இடித்தாள்.

மறுநாள் விடிந்ததும் ரத்தினம் ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். வெள்ளத்தாய் குளித்துக்கொண்டிருந்தாள். செத்த நேரம் உட்காருங்க என்று சந்தனமேரி அவள் பெஞ்சைக் காட்டினாள். உட்கார்ந்தார். சவரம் செய்யாத முகம், இரவெல்லாம் தூங்காத கண். கூட்டுகிறவர் வந்து விளக்குமாற்றை அவர் காலடியில் நீட்டி, "பெரியவரே, எந்திரிச்சு அந்தப் பக்கம் படுங்க, இங்கன கூட்டணும்" என்றார். ரத்தினம் தான் யார் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கூட்டுகிறவர் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். சந்தனமேரி தலையைக் குனிந்துகொண்டு சில்லறையை அடுக்கினாள்.

வெள்ளத்தாய் தலையை முடிந்துகொண்டு வந்தாள். அவர் தரையைப் பார்த்தபடியே, இன்றிலிருந்து வேலைக்கு வந்துவிடு என்றார்.

"வாரேன் சார். மாடிப்படியில அந்தப் போர்டு இன்னும் தொங்குதா?"

"அதப் பொறவு பேசிக்கிடலாம்."

"வாடகை மாசம் பொறந்ததும் வந்துரும். ஒருத்திதான். நாலு பேரு வந்து போவாகன்னா, அது என் மகளும் மருமகனும் ரெண்டு பேரப்பிள்ளைகளும்தான்."

அவர் யோசிப்போம் என்று ஸ்கூட்டரை உதைத்தார். அவள் செருப்புச் சாக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

முதலில் பாண்டிதுரை வீடு. ஒரு வாரத்துப் புழுதி அடங்குகிற மட்டும் தண்ணீர் தெளித்து, தெருவையே அடைக்கிற மாதிரி ஒரு கோலம் போட்டாள். மூன்று ஜோடிச் செருப்பும் படியேறின. அடுத்தடுத்த வாசல்களும் முடிந்தன. சாக்கு காலியானது.

கடைசியாக ரத்தினம் வீட்டுக்கு எதிரே வந்து நின்றாள். அவர் ஜன்னலுக்கு உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தார், விஜி பக்கத்தில் நின்றிருந்தாள். வெளிப்பக்க மாடிப்படியில் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளத்தாய் கேட்டைத் திறந்து உள்ளே போனாள். பெல்லை அடிக்கவில்லை. தன் காலில் கிடந்த செருப்பைக் கழற்றி, முந்தானையால் தூசியைத் துடைத்து, முதல் படியில் ஜோடியாக வைத்தாள், வீட்டைப் பார்த்து. பிறகு கேட்டைச் சாத்திவிட்டு, வெறுங்காலோடு பஸ்ஸுக்கு நடந்தாள்.