நாங்கள் வாங்காத டிராக்டர்

மத்திகிரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை விற்கப்போவதாக வீட்டுக்கார அம்மா சொன்னதும் எனக்குத் திக்கென்றது. அந்த வீட்டின் மேல் எனக்கு அவ்வளவு ஆசை. "நீங்களே எடுத்துக்கோங்கம்மா. ரெண்டு மாசம் பாக்கறேன், அப்பறம் பெங்களூரு பார்ட்டிக்குக் குடுத்துடுவேன்" என்றார்.

கத்தரிக்காயைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் வாங்காதவள் நான். வங்கிக்குப் போகும் முன், நம் பேரில் உள்ள கடன்களைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டை நாமே பார்த்துவிட வேண்டும் என்று கம்பெனி பஸ்ஸில் ஒரு தோழி சொல்லியிருந்தாள். வருடத்துக்கு ஒருமுறை இலவசமாம். விடுவேனா? என்னுடையது சுத்தமாக இருந்தது. என் கணவருடையதில் ஒரு டிராக்டர் கடன் இருந்தது, அதுவும் தவணை கட்டாமல் பாதியில் நின்றுபோன கடன்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்போதெல்லாம் என் விருதுநகர்ப் பேச்சு தானாக வந்துவிடும். "எனக்குத் தெரியாம ஊருக்கு டிராக்டர் வாங்கிக் குடுத்தீகளாக்கும்?"

"எனுக்கு டிராக்டர் ஓட்டவே தெரியாதும்மா" என்றவர், போனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

ஊத்தங்கரைப் பக்கம் அவருடைய ஊரில், பங்காளி வீடுகளில் தலைப்பிள்ளை என்றால் குலசாமி பெயர்தான். அப்பாக்களின் பெயர்களும் ஒன்றுபோலவே இருக்கும். பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் ஒரே தேதியைப் போட்டுவிட்டார்கள். ஊருக்குள் குழப்பமே இல்லை. என் கணவர் கிணற்று வீட்டுக்காரர், டிராக்டர் வாங்கிய பங்காளி மேட்டு வீட்டுக்காரர். கம்ப்யூட்டருக்குத்தான் அது தெரியவில்லை.

மேட்டு வீட்டுக்காரருக்குப் போன் போட்டோம். "அட பங்காளி, என் தலைவலி உன் தலைக்கு வந்துடுச்சா! மழையில்லாம கட்ட முடியலப்பா" என்று வருத்தப்பட்டவர், தன் கடன் காகிதங்களைப் படம் எடுத்து உடனே அனுப்பினார். அதில் இருந்த பான் எண் வேறு. அதைக் காட்டி, ரிப்போர்ட் தரும் கம்பெனிக்கும் கடன் கொடுத்த இடத்துக்கும் புகார் அனுப்பினோம்.

பிறகு டீ பிரேக் வந்தாலே நான் போனும் கையுமாகத்தான் இருந்தேன். உண்மையில் பயமாகத்தான் இருந்தது. பெங்களூர்க்காரர் வந்து வீட்டை அளந்துவிட்டுப் போன அன்று, இரண்டு இடத்துக்கும் மறுபடி போன் போட்டு நச்சரித்தேன். நல்லவேளை, கெடு முடிவதற்குள் டிராக்டர், ரிப்போர்ட்டை விட்டு இறங்கிப் போனது. பார்க்காமல் நேராக வங்கிக்குப் போயிருந்தால், கடன் தர முடியாது என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். நாங்கள் திருத்தி முடிப்பதற்குள் வீடு கைமாறியிருக்கும்.

இருவர் சம்பளத்தையும் காட்டி வாங்கிய கடன் என்பதால், வீட்டை யார் பேரில் எழுதுவது என்று பத்திர எழுத்தர் கேட்டார். தலைப்பிள்ளையான தன் பேரில்தான் சொத்து இருக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்ட மனிதர் என் கணவர். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அவ பேர்லயே எழுதுங்க சார். எங்க ஊர்ல அந்தப் பேரு வேற யாருக்கும் இல்ல."