மருதாணிக் கறை என்று நான் எழுதிய ஏழு புள்ளிகள்

1. மூஞ்சி

தோல் டாக்டரிடம் இருபத்தாறு வருடம் டெக்னீஷியனாக இருந்தேன் என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே என் முகத்தைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, "ஓகோ" என்பார்கள். கன்னத்தில் அம்மைத் தழும்பு, மூக்கில் ஒரு மரு, நெற்றியில் தொப்பி வைத்ததுபோல் பாதிக் கறுப்பு. டாக்டரம்மா என்னை ஒருநாள்கூட ரிசப்ஷனில் உட்கார வைக்கவில்லை. கிளினிக் மேல் அவருக்கு இருந்த அக்கறை அப்படி.

எனக்கு ஒதுக்கியது அம்பத்தூர் கிளினிக்கின் பின்பக்க லைட் ரூம். வெள்ளைத் திட்டு விழுந்தவர்களை வாரம் இரண்டு நாள் லைட் பெட்டி முன்னால் நிறுத்துவேன். மாதம் ஒருமுறை அளவு எடுப்பேன். திட்டின் மேல் கண்ணாடி மாதிரி இருக்கும் ஓ.ஹெச்.பி. ஷீட்டை வைத்து, ஓரத்தை மார்க்கர் பேனாவால் வரைந்து, அதை கிராஃப் தாளில் வைத்துக் கட்டங்களை எண்ண வேண்டும். நூற்றிருபது கட்டம் அடுத்த மாதம் நூறானால் மருந்து கேட்கிறது என்று பொருள். டாக்டரம்மா அந்த எண்ணைப் பார்த்துத்தான் மேற்கொண்டு முடிவு செய்வார்.

நான் எண்ணி முடிப்பதற்குள் வந்தவர்கள் என் முகத்தைப் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள். "குறைஞ்சிருக்கா சார்?" அதற்காகவே எதையும் காட்டாத ஒரு மூஞ்சியைப் பழகிக்கொண்டேன். மாலையில் கொரட்டூரில் ரயிலைவிட்டு இறங்கிய பிறகும் அது கழலாது. சாம்பார் எப்படி என்று கேட்டே என் மனைவிக்கு அலுத்துவிட்டது.

2. நூற்றுப் பன்னிரண்டு

மெஹருன்னிசா பூந்தமல்லியிலிருந்து வருவார். முப்பத்தைந்து வயதிருக்கும். கல்யாண வீடுகளில் மருதாணி போடுவதுதான் தொழில். திட்டு வலது புறங்கையில், கட்டைவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே. கோன் பிடிக்கும் கை. எந்தப் பெண்ணுக்கு மருதாணி போட்டாலும் அவள் கண்ணுக்கு நேராக இருக்கும் இடம்.

முதல் நாளே சொன்னார். "பொண்ணு கைய நீட்டிடும் சார். அவங்க பெரியம்மா ஒண்ணு பக்கத்துல குந்திகினு எங் கையவே பாக்கும். அவ்ளோதான், பொண்ணு கைய இழுத்துக்கும்."

"இது ஒட்டாதும்மா. சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே. 'ஒட்டாதுன்னு எங்களுக்கும் தெரியும்மா, இருந்தாலும்'ங்கறாங்க. அந்த இருந்தாலும்க்கு இன்னா சார் மருந்து?"

லைட்டைப் போட்டேன்.

நோன்பு மாதம் முடிந்தால் கல்யாண சீசன். அதற்குள் திட்டு கொஞ்சமாவது மாறினால் தொழிலில் இருப்பது, இல்லையென்றால் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நாத்தனார் வேலை செய்யும் தையல் கம்பெனியில் சேர்ந்துவிடுவது என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். நான் போட்ட கணக்கு இது: முதல் மாதம் நூற்றுப் பன்னிரண்டு கட்டம். இரண்டாம் மாதம் நூற்றுப் பன்னிரண்டு. மூன்றாம் மாதம் நூற்றுப் பதினொன்று. அந்த ஒன்றும் மார்க்கர் முனை நசுங்கியதால் குறைந்தது.

மூன்றாம் மாதம் திட்டுக்குள்ளே கடுகளவில் ஏழு பழுப்புப் புள்ளிகள் இருந்தன.

"என்னம்மா, கோன் சிந்திட்டீங்களா? கழுவிட்டு வரக்கூடாதா?"

"கழுவிட்டுதான் சார் வந்தேன்."

"உங்க சரக்கு கழுவினா போயிடுமா என்ன?" என்று சொல்லி நானே சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் ஜோக்குக்கு யாரும் சிரிக்காதது புதிதல்ல என்பதால் நான் அதைக் கவனிக்கவில்லை. ஷீட்டில் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டு, ஓரத்தில் 'மருதாணிக் கறை' என்று எழுதினேன். எழுத்தில் நான் அவ்வளவு சுத்தம்.

3. பஞ்சு

நான்காம் மாதம் மறுபடியும் நூற்றுப் பன்னிரண்டு. ஷீட்டை லைட் ரூமிலேயே விட்டுவிட்டு, எண்ணை மட்டும் கார்டில் எழுதி டாக்டரம்மா மேசையில் வைத்தேன். வெளியே உட்கார இடமில்லாமல் கூட்டம்.

"நாலு மாசமா அதே நம்பர் ஏகாம்பரம்," என்றார் டாக்டரம்மா. "கையில இது சுலபமா வராது. பாவம், பூந்தமல்லியிலேர்ந்து வாரம் ரெண்டு தடவை அலையறாங்க. நிறுத்திடலாம்னு நினைக்கிறேன். நீங்க பக்குவமா சொல்லிட்டு, உள்ள அனுப்புங்க."

பக்குவமாகச் சொல்ல வேண்டியதெல்லாம் எப்படியோ என்னிடமே வந்து சேரும். திரும்பி வந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். மூஞ்சி தன் வேலையைச் செய்தது. சொல்வதைத் தள்ளிப்போட ஏதாவது வேலை வேண்டியிருந்தது. ஸ்பிரிட் பஞ்சை எடுத்து அவர் கையிலிருந்த கறைகளைத் துடைக்க ஆரம்பித்தேன். இந்த முறை புள்ளிகள் இன்னும் அதிகம். அழுத்தித் துடைத்தேன். ஒன்றுகூடப் போகவில்லை.

"அசல் மருதாணிதாம்மா நீங்க போடறது."

"சார்," என்றார் அவர், கையை இழுக்காமல். "நான் கோன் புடிச்சு ரெண்டு மாசத்துக்கு மேல ஆவுது. யாரும் கூப்புடறதில்ல. போன தபா நீங்க கேட்டப்பவே சொல்லியிருப்பேன், வெக்கமா இருந்துச்சு. எங் கையில எங்கேர்ந்து சார் மருதாணி வரும்?"

எவ்வளவு சிவந்த மருதாணியும் இரண்டு, மூன்று வாரத்துக்கு மேல் தோலில் நிற்காது. இதை அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குத்தான் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

பீரோவிலிருந்து போன மாத ஷீட்டை எடுத்து அவர் கைமேல் வைத்தேன். ஓரக்கோடு பொருந்தியது. நான் போட்ட ஏழு பெருக்கல் குறிகளும் ஏழு புள்ளிகள் மேல் அப்படியே உட்கார்ந்தன. குறி இல்லாத இடங்களில் புதிதாகப் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் ஒரு பூனைமுடியின் அடியில்.

ஷீட்டோடு டாக்டரம்மா அறைக்கு ஓடினேன். என் முழங்காலுக்கு ஓட்டம் என்றால் என்ன என்று மறந்து வெகுநாளாகியிருந்தது. அவர் எழுந்துவந்து லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"முடி வேர்லேர்ந்து கலர் திரும்புது. ஓரம் அப்படியே இருக்கு, உள்ளே நிரம்புது. லைட்டைத் தொடருங்க." பிறகு ஷீட்டைப் பார்த்தார். "மருதாணிக் கறைன்னு எழுதினது யாரு?"

"நான்தான் மேடம்."

"கிராஸ் போட்டதும் நீங்களா?"

"ஆமா மேடம்."

"நல்லவேளை, தப்பையும் ஒழுங்கா செஞ்சிருக்கீங்க. இது இல்லன்னா எது பழசு, எது புதுசுன்னு தெரிஞ்சிருக்காது."

இருபத்தாறு வருடத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

மெஹருன்னிசா கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கும் லேசாகியிருக்கும். "இன்னா சார் நீங்க, வெளிக்கோட்டையே பாத்துகினு இருந்தீங்களா? நாங்க மொதல்ல புள்ளிதான் சார் வெப்போம். அப்பறமாத்தான் இழுத்து இழுத்து சேப்போம்," என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

4. அடுத்த சீசன்

கல்யாண சீசனுக்குள் திட்டு மூடிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். மூடவில்லை. பாதிகூட இல்லை. ஆனால் அவர் தையல் கம்பெனிக்குப் போகவில்லை. மாதாமாதம் ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். "பெரியம்மாங்களுக்குக் காட்ட" என்றார்.

லைட் ரூமுக்குப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஓரத்தை வரையுங்கள், உள்ளே இருப்பதையும் எண்ணுங்கள். கறை என்று எழுதுவதற்கு முன்னால் கைக்குச் சொந்தக்காரரை ஒரு வார்த்தை கேளுங்கள். சிரிக்காதவர்களை இரண்டாவது வார்த்தையும் கேளுங்கள்.

அந்த சீசனின் நடுவில் ஒருநாள் மெஹருன்னிசா அளவுக்கு வந்தார். தூக்கம் இல்லாத கண். திட்டின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நீளக் கோடு. நான் மார்க்கரைப் பிடித்தபடி எழுதவும் பயந்து, கேட்கவும் பயந்து நின்றேன்.

"இது கறைதான் சார்," என்றார். "நேத்து மூணு கல்யாணம். தைரியமா எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டேன்.