றில்வான் நானாவின் நல்ல ஆங்கிலம்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் போகிற ஒடுங்கிய தெருவில், செருப்புக் கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவே, ஒரு கதவு அகலத்தில் இருக்கிறது றில்வான் நானாவின் கடை. போட்டோகொப்பி, டைப்பிங், புத்தகம் கட்டுதல், மும்மொழியிலும் கடிதம். ஆளுக்கு ஐம்பத்தாறு வயது. கண்ணாடி மூக்கு நுனியில் நிற்கும், வாய் மட்டும் நிற்காது. கடிதம் எழுதுவதில் தன்னை அடித்துக்கொள்ள ஊவா மாகாணம் முழுக்க ஆளில்லை என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம். அதை யாரும் மறுத்துப் பேசியதும் இல்லை.

தொழில் வாப்பாவிடமிருந்து வந்தது. வாப்பா ஸலீம், கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்து வாசலில் மேசை போட்டு பெட்டிஷன் அடித்தவர். சிங்களத்தில் எழுதத் தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்கு அவர்தான் வாய். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையா, லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் வரவில்லையா, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரிக் கடிதம் இருந்தது. பெயரும் தோட்டமும் அடையாள அட்டை இலக்கமும் மட்டும் மாறும். 'மிகுந்த பணிவுடன் தங்கள் மேலான கவனத்துக்கு' என்று தொடங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பார் வாப்பா. இப்போது மகனுடைய கம்பியூட்டரில் அப்படி நாற்பத்தொரு மாதிரிகள் கிடக்கின்றன. ஒரே கடிதத்தை ஆயிரம் பேருக்குக் கொடுத்திருக்கிறார் நானா. ஒருத்தராவது வந்து, 'ஐயோ, இது என் கடிதம், திருடிவிட்டான்' என்று சத்தம் போட்டதுண்டா? கிடையவே கிடையாது!

பிறகு பல்கலைக்கழகப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். வீட்டில் ஒரு மொழி, விடுதியில் இன்னொரு மொழி, ஆய்வறிக்கை மட்டும் ஆங்கிலம். பாவம், முழி பிதுங்கி நிற்கும் பிள்ளைகள். றில்வான் நானாவுக்கு மனசு கேட்கவில்லை. டைப் பண்ண வந்த ஆய்வறிக்கைகளில் அழகாகத் தெரிந்த பக்கங்களை எல்லாம் 'நல்லது' என்று பெயரிட்டு ஒரு இடத்தில் சேர்த்து வைத்தார். கரடுமுரடாக எழுதிக்கொண்டு வரும் பிள்ளைக்கு அதிலிருந்து எடுத்து வைத்துவிடுவார். சும்மாதான், ஒரு உதவிக்கு.

நிஷாந்தினிக்கும் அப்படித்தான் உதவினார். ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பிள்ளை. அம்மா தனலெட்சுமி கொழுந்து எடுக்கிறவர். லெப்டொப் வாங்க வழியில்லாததால் ஆய்வறிக்கை முழுவதையும் கையால் எழுதி, டைப் பண்ணக் கொடுத்திருந்தாள். தோட்டத்து மக்கள் சொல்வது அரசாங்க அலுவலகங்களுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பது தலைப்பு. முதல் இரண்டு அத்தியாயங்களில் நாலு வரி படித்ததுமே நானா தலையில் கை வைத்தார். கல்லில் கால் தடுக்கினாற்போல் ஆங்கிலம். அந்தக் காகிதங்களை அப்படியே எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டார், அவற்றின் இடத்தில் 'நல்லது' பக்கங்களை வைத்தார். கெடு முடிய அரை மணி நேரம் இருக்கையில் அவள் ஓடி வந்தாள். அவருடைய கம்பியூட்டரிலிருந்தே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாள், கட்டிய புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். திறந்து பார்க்க நேரம் ஏது?

பத்து நாள் கழித்து வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

“நானா, என்னோட எழுத்துல என்னத்த செஞ்சீங்க?”

“என்ன மகள், நல்லாத்தானே செஞ்சி தந்த?”

“இந்த வருசம் ஒரு மெஷின் வச்சிருக்காங்க. அதுல போட்டுப் பாத்தா, நூத்துக்கு அறுபத்து நாலு வேற ஆளுங்க எழுதினதுன்னு வருது. நான் களவெடுத்தேன்னு சொல்றாங்க நானா! வெள்ளிக்கெழமைக்குள்ள வெளக்கம் சொல்லலன்னா ரிசல்ட்ட நிப்பாட்டிருவாங்க.”

நானாவுக்குப் புரியவேயில்லை. களவா? அவர் எதைக் களவெடுத்தார்? நல்ல வார்த்தையை இல்லாத பிள்ளைக்குக் கொடுத்தார்.

“சேர் என்ன சொல்ற?”

“சொந்த வார்த்தையில எழுதணுமாம்.”

“யா அல்லாஹ்! இங்கிலீசுல நமக்கெல்லாம் எங்க மகள் சொந்த வார்த்த ஈக்கி? வெள்ளக்காரன் விட்டுட்டுப் போனது தானே?”

அவள் சிரிக்கவில்லை. “எங்க தோட்டத்துல இருந்து கெம்பஸுக்குப் போன மொத ஆள் நான். அம்மாகிட்ட என்னன்னு போய்ச் சொல்றது?”

அந்தக் கேள்வி அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. “அழாதீங்க புள்ள. நான் செஞ்சதெண்டு நானே கடிதம் தாறன். சேருக்கிட்ட நானே வாறன்,” என்றார்.

சொல்லிவிட்டுக் கம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்தார். 'மிகுந்த பணிவுடன் தங்கள் மேலான கவனத்துக்கு' என்று விரல்கள் தானாக அடித்தன. அழித்தார். மறுபடி அடித்தார், 'மேற்படி விடயம் தொடர்பாக' என்று வந்தது. அதையும் அழித்தார். நாற்பத்தொரு மாதிரியையும் திறந்து பார்த்தார். ஒன்றிலும் இந்தச் சங்கதிக்கு இடமில்லை. ஊருக்கெல்லாம் எழுதிய மனிதருக்குத் தனக்கென்று ஒரு கடிதம் எழுத வரவில்லை! அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

“நவருங்க நானா. நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்,” என்றாள் நிஷாந்தினி.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “இந்தப் புள்ள எழுதின ரெண்டு அத்தியாயத்த எடுத்துட்டு, வேற புள்ளைகள்ட எழுத்த நான்தான் வெச்ச. அவவுக்குத் தெரியாது. நல்லதெண்டு நெனச்சித்தான் செஞ்ச. இதுல என்ன பிழையெண்டு எனக்கு இன்னும் முழுசா வெளங்கல்ல. ஆனா அவ களவெடுக்கல்ல.”

அதை அவள் அப்படியே ஆங்கிலத்தில் எழுதினாள். ஏழு வரிகள். இரண்டு இடத்தில் பிழை இருந்தது நானாவின் கண்ணில் பட்டது. விரல் துறுதுறுத்தது. அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, “பிரிண்ட் எடுங்க,” என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு இருவரும் போனார்கள். விரிவுரையாளர் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார், இதை யார் எழுதியது என்று. “நான் சொன்னேன் சேர், இவள் எழுதினாள்,” என்றார் நானாவும் சிங்களத்தில். “பிழைகள் இருக்கின்றனவே?” “கண்டேன் சேர். கை வைக்கவில்லை.” விரிவுரையாளர் கடிதத்தை மடித்து வைத்தார். பிறகு, அவள் எழுதிய அந்த இரண்டு அத்தியாயங்களும் இருக்கின்றனவா என்று கேட்டார். கையால் எழுதிய பக்கங்கள் லாச்சியில் பத்திரமாக இருக்கின்றன என்றார் நானா. ஓர் எழுத்தும் மாற்றாமல் டைப் பண்ணித் திங்கட்கிழமை அந்தப் பக்கங்களோடு சேர்த்துக் கொண்டுவாருங்கள், அதைப் படித்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார் விரிவுரையாளர்.

இறங்கி வருகிற வழியெல்லாம் நானாவுக்கு ஒரே குழப்பம். “அழகா குடுத்தா களவெண்டுறாங்க. கோணலா குடுத்தா படிக்கிறனெண்டுறாங்க. என்ன படிப்போ இது!”

சனிக்கிழமை காலையில் கடையை அரைக்கதவு திறந்து வைத்துக்கொண்டு டைப் பண்ண உட்கார்ந்தார். பக்கத்து ஸ்டூலில் நிஷாந்தினி கையெழுத்துப் பக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து எழுத்தாக அடிக்க வேண்டியிருந்ததால், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மாணவி எழுதியதை அவர் கடைசி வரைக்கும் படிக்க நேர்ந்தது. இரண்டாம் அத்தியாயத்தின் நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது.

மூன்று வருடங்களுக்கு முன் தண்ணீருக்காகக் கடிதம் எழுதிக்கொள்ள என் அம்மா மூன்று தடவை பதுளைக்குப் போனார், என்று எழுதியிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அரை நாள் சம்பளம் போனது. கடிதம் மிகவும் அழகாக இருந்தது. ஆனால் குழாய் எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்று அதில் இல்லை. எழுதியவர் நல்ல மனிதர். அவர் கேட்கவில்லை, என் அம்மாவும் சொல்லவில்லை.

நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு அந்த ஆறு வரியையும் பார்த்தார். ஒரு பிழையையும் திருத்தாமல் அடித்து முடித்தார். தண்ணீர்க் கடிதம், பதினேழாம் மாதிரி. அவருக்கு மனப்பாடம்.

“பைப் எங்க மகள் ஒடஞ்சி ஈக்கி?”

“கோயிலுக்குக் கீழ, ரெண்டாவது வளைவுல.”

“மூணு வருஷமாச்சே. இன்னும் செய்யல்லையா?”

“எங்கன்னு இன்னிக்கித்தானே நானா கேக்குறீங்க,” என்றாள் அவள்.