ஷபீர் ஓரமாக வைத்த பழைய திரை

ஷபீரின் மனைவி பர்வீன் அழைத்தபோது நான் சென்னை அலுவலகத்தில் இருந்தேன். "அண்ணா, அவரு போயிட்டாருண்ணா" என்றார். காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோதே மாரடைப்பு. நாற்பதைக்கூடத் தொடாத ஷபீருக்கா என்று மனம் ஏற்க மறுத்தது. இன்றும் மறுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

நம் லினக்ஸ் குழுவில் அவனிடம் திட்டு வாங்காதவர் யார்? சின்ன காஞ்சிபுரத்தில் அவனும் நானும் நடத்திய கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்த உங்களுக்குத் தெரியும், மெனு, கடிகாரம் எல்லாம் சேர்ந்த திரையமைப்பான டெஸ்க்டாப்பைச் சி.டி.யிலிருந்து அப்படியே போடுவது அவனுக்குப் பிடிக்காது. மூல நிரலை இறக்கி, எங்கள் நோஞ்சான் கணினியிலேயே கம்பைல் செய்து, ஓடும் மென்பொருளாக்க வேண்டும். முடிய ஒரு நாளுக்கு மேல் ஆகும். பிழை வந்தால் நான் கடைசி வரியைப் பார்த்துப் பதறுவேன். "கடைசி எர்ரர வுடுப்பா. மொத எர்ரர் எங்க இருக்குதுன்னு பாரு" என்பான்.

ஒருமுறை கம்பைல் பாதியில் இருக்கும்போது மின்சாரம் போனது. எட்டிப் பார்த்தால் தெரு நிறையக் கூட்டம். அன்று வரதராஜர் தேர். தேர் வரும் தெருக்களில் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். கோயிலுக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு வேலை மும்முரத்தில் அது மறந்தே போயிருந்தது.

"சாமி பேர வச்சிக்கினு சாமி தேர மறந்துட்டியே, வரதா" என்றான்.

"உனக்கும்தான் நினைவில்லை."

"நான் உன்ன நம்பிக்கினு இருந்தேன்பா."

மின்சாரம் வந்ததும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தான். விட்ட இடத்திலிருந்து கம்பைல் தொடர்ந்தது.

பின்னர் டெஸ்க்டாப்பின் புதிய பதிப்பு வந்தது. மெனுவும் கடிகாரமும் இடம் மாறியதில் எனக்கு ஒரே எரிச்சல். "பழசு ஒரு ஓரமா இருக்கட்டும், உனக்குன்னு" என்று அந்தக் கணினியில் நான் நுழையும் என் கணக்கில் மட்டும் பழையதையே விட்டுவைத்தான். கொஞ்ச நாளில் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. சென்டரை மூடினோம். கணினி அவன் வீட்டுக்குப் போனது. தொலைபேசியில் பேசும்போதெல்லாம் "ஒரு நாள் வந்து ஒக்காருப்பா" என்பான். வருகிறேன் என்பேன்.

போன வாரம்தான் உட்கார்ந்தேன். கணினியிலுள்ள குடும்பப் படங்களை எடுத்துத் தரச் சொல்லி பர்வீன் கூப்பிட்டிருந்தார். ஷபீரின் கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை. என் பழைய கணக்கைத் திறந்து பார்த்தேன். அதே மெனு, அதே மூலையில் கடிகாரம். அடியிலுள்ள நிரல்களெல்லாம் புதிதாகிவிட்ட கணினியில் பழைய டெஸ்க்டாப் தானாக ஓடாது. ஒவ்வொரு மேம்படுத்தலுக்குப் பிறகும் அதைச் சரிசெய்து மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும். கோப்புகளின் தேதிகளைப் பார்த்தேன். அவன் செய்திருக்கிறான், போன மாதம் வரை.

"ஞாயித்துக்கெழம பூரா இது ஓடிக்கினே இருக்கும்ணா. யாருக்குன்னு கேட்டா, வரதன் வந்தா தேடுவான்னுவாரு" என்றார் பர்வீன்.

என் கணக்குக்கும் அவன் நிர்வாகி உரிமை கொடுத்திருந்ததால், அதன் வழியாகவே படங்களை எடுத்துக் கொடுத்தேன். கணினியை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். இப்போது அது என் வீட்டில் இருக்கிறது. புதிய பதிப்பு ஒன்றைக் கம்பைல் செய்துகொண்டிருக்கிறேன். ஷபீரின் கணக்கை அழிக்கவில்லை. அவன் கடைசியாக அமைத்த திரை அங்கே ஒரு ஓரமாக இருக்கும். இனி ஒவ்வொரு முறையும் அதையும் சேர்த்தே கம்பைல் செய்வேன். ஷபீர் வந்தால் தேடுவான்.