கோடு நேராக நின்ற மூன்று வாரம்

நான் அம்பத்தூர் ரயில் நிலையத்தில் சீட்டு கொடுப்பவன். ஒரு மில் பங்கின் விலையைத் தினமும் பத்திரிகையில் பார்த்து, கட்டம் போட்ட காகிதத்தில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பேன். பல மாதம் இறங்கிய கோடு ஒரு சமயம் மூன்று வாரம் நேராக நின்றது.

மண்ணூர்பேட்டையிலிருந்து என் மனைவியின் அண்ணன் வந்திருந்தார்.

"மாப்ளே, கோடு இன்னா சொல்லுது?"

"இறக்கம் நின்னுபோச்சு மச்சான். இனிமே ஏறும்."

"வாயே தொறக்காத ஆளு நீ. நீயே சொல்றேன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்தார். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் முழுவதற்கும் அந்தப் பங்கை வாங்கினார்.

தை மாதம் விற்கப் போனபோது வாங்க ஆளில்லை. அந்த மூன்று வாரமும் இப்படித்தான் வாங்க ஆளில்லாமல் வியாபாரமே நடக்கவில்லை, பத்திரிகையில் பழைய விலையையே திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள் என்று தரகர் சொன்னார். நான் அதை நிதானம் என்று எண்ணிவிட்டேன்.

கல்யாணம் நின்றது. "உடு மாப்ளே, நீ இன்னா பண்ணுவே" என்றார் மச்சான். அவர் மகள் மட்டும் என்னைக் கண்டால் உள்ளே போய்விடுகிறாள்.

இப்போது தரகருக்குக் கார்டு எழுதி, வியாபாரம் நடந்ததா என்று கேட்ட பிறகே புள்ளி வைக்கிறேன். நடக்காத நாளுக்கு இடம் விட்டுவிடுகிறேன். கோடு என்ன சொல்கிறது என்று மச்சான் கேட்பதில்லை.