இடது கையால் ஒரு கண்காட்சி

அந்தத் தொடக்கப் பள்ளியில் டிராயிங் டீச்சர் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பேர் சொல்லும்படி நிறையவே செய்திருக்கிறார். கழிவறைக் கதவுகளில் 'ஆண்', 'பெண்' என்று எழுதியது அவர்தான். பரீட்சை பெஞ்சுகளுக்கு நம்பர் போட்டதும் அவர் கைவண்ணமே. பிள்ளைகளுக்கு டிராயிங் சொல்லித்தருவது ஒன்றுதான் தள்ளிக்கொண்டே போனது.

வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட் உண்டு. அதைக் கணக்கு டீச்சர், ஒரே ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது என்று சொல்லி வாங்கிக்கொள்வார். அந்த ஒரே ஒரு கணக்கு வருஷக்கணக்காக முடியவில்லை. வண்ணப் பெட்டிகள் தலைமையாசிரியையின் பீரோவில் பத்திரமாக இருந்தன. பிள்ளைகள் கையில் கொடுத்தால் தேய்ந்துவிடுமாம்.

ஆனால் ஓவியக் கண்காட்சி மட்டும் வருஷம் தவறாமல் நடக்கும். மூன்று நாள் முன்னால் பீரோ திறக்கும். டிராயிங் டீச்சர் பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுபோய், நாற்பது பிள்ளைகள் பேரில் நாற்பது படங்களை இடது கையால் வரைவார். வலது கையால் வரைந்தால் நன்றாக வந்து தொலைக்குமே! ஒன்றாம் வகுப்பு என்றால் சூரியனுக்குக் கண், மூக்கு. ஐந்தாம் வகுப்பு என்றால் மலை நடுவே ஆறு. "இன்னும் மூணாங்கிளாஸ் தாண்டலயா?" என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்காரர் டீ போட்டுத் தருவார்.

இந்த வருஷம் கண்காட்சிக்குக் கல்வி அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. டிராயிங் பீரியடை வைத்துக்கொள்வதா, கணக்குக்கே கொடுத்துவிடுவதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்வாராம். நடத்தாத பீரியடானாலும், என்றைக்காவது நடத்திவிடலாம் என்றுதான் டிராயிங் டீச்சர் இத்தனை வருஷம் காத்திருந்தார்.

அதிகாரி வந்தார். ஒரு மஞ்சள் வீட்டின் முன் நின்று உருகினார். இந்த வெள்ளந்திக் கோடு பெரியவர்களுக்கு வரவே வராது என்றார். படத்தின் கீழே பேர் போட்டிருந்த, முன்பல் விழுந்த மூன்றாம் வகுப்புச் சிறுமியை அழைத்து, தன் கண்ணெதிரே ஒரு படம் வரையச் சொன்னார். வேறு வழியில்லாமல் பீரோ திறந்தது.

சிறுமி பெட்டியை முகர்ந்து பார்த்தாள். பிறகு ஒரு பீரோ வரைந்தாள். பெரிய பூட்டு. உள்ளே வரிசையாக அத்தனை வண்ணங்களும்.

"பூட்டின பீரோவுக்குள்ள இருக்கறது வெளியில எப்படிம்மா தெரியும்?" என்றார் அதிகாரி.

"எனக்குத் தெரியுமே. உள்ளதான் இருக்குன்னு டீச்சர் சொன்னாங்க."

அதிகாரி முகம் சுளித்தார். அவ்வளவு அழகாக வரைந்த பிள்ளை இப்படியாகிவிட்டதே, என்னதான் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்று டிராயிங் டீச்சரைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை பயந்துவிட்டாள் என்று சொல்லிப் பூசி மெழுகும்படி தலைமையாசிரியை கண்ணாலேயே கெஞ்சினார். டிராயிங் டீச்சர் சிறுமி வரைந்த பீரோவைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"சார், அந்த மஞ்சள் வீடு நான் போட்டது. இங்க மாட்டியிருக்கறது எல்லாமே நான் போட்டதுதான். பிள்ளை போட்ட படம் இது ஒண்ணுதான்."

தலைமையாசிரியை இப்போதுதான் கேள்விப்படுகிறவர் மாதிரி நெஞ்சில் கை வைத்தார். உருகித் தொலைத்த அதிகாரிக்கோ கோபம் அதற்கும் மேல்.

ஒரு வாரத்தில் மெமோ வந்தது. குற்றம்: பிள்ளைகளுக்குரிய வண்ணங்களைச் சொந்தக் கையால் உபயோகித்தது. தண்டனை: இனி டிராயிங் பீரியடில் பெட்டிகளைப் பிள்ளைகளிடமே கொடுத்து, அவை தேய்ந்து தீரும்வரை டிராயிங் டீச்சர் நேரில் உட்கார்ந்து கண்காணிக்க வேண்டும். அந்நேரத்தில் வேறு பாடம் நடக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை, ஒரே ஒரு கணக்கோடு கணக்கு டீச்சர் வாசலில் வந்து நின்றார். டிராயிங் டீச்சர் மெமோவை நீட்டினார்.

"தண்டனை டீச்சர். என்ன பண்றது, அனுபவிச்சுத்தான் ஆகணும்."

உள்ளே நாற்பது பிள்ளைகள் பெட்டிகளைத் தேய்த்துத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். யாருடைய சூரியனுக்கும் மூக்கில்லை. டிராயிங் டீச்சருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். இடது கை மட்டும் பழக்கதோஷத்தில் துறுதுறுத்தது. அதை மடியில் போட்டு, வலது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.